மச்சில் கிடைக்கும் பழைய இசைத்தட்டுகளைக் கேட்பதெப்படி

செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் மச்சில் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் கலந்த இசைத்தட்டுக் கட்டு அகப்பட்டால் வியக்க வேண்டியதில்லை; 1956 நவம்பர் 1 வரை இவ்வூர் இன்றைய கேரளத்துக்கு முன்னோடியான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது.

துடைக்கத் துணியெடுக்கும் முன், தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பாக மினுங்க, மறுபக்கம் சாம்பல் பூத்திருந்தால், அந்த வீட்டு இளைஞர் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு அதுவாகவே இருக்கக்கூடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி மாட்ட வேண்டும் என்பது விதி. கைச்செலவுக் காசில் ஊசி வாங்கியவர்கள் அதை எங்கே கடைப்பிடித்தார்கள்! தேய்ந்த ஊசி உரசிய தடமே அந்தச் சாம்பல். அகில இந்திய வானொலி 1952 முதல் திரைப்பாட்டைக் குறைத்துவிட, இளையோர் இலங்கை வானொலியின் நேரத்துக்குக் காத்துக் கிடந்த காலம் அது. நினைத்த நேரத்தில் நினைத்த பாட்டைக் கேட்க இந்தத் தட்டுதான் வழி.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இத்தட்டுகள் அரக்கில் கல்பொடி கலந்து வார்க்கப்பட்டவை. ஸ்பிரிட்டோ கை கழுவும் சானிடைசரோ பட்டால் அரக்கு கரைந்துவிடும் என்பதால், அவற்றை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். முதலில் மென்மையான தூரிகையால் உலர் தூசியைத் தட்டி, பின்பு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த காய்ச்சி வடித்த நீரில் பிழிந்த துணியால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடுத்தாள் நனையக் கூடாது. கடை முத்திரையும், மையால் எழுதிய பெயரும் அதில்தான் இருக்கும். விரிசல் விழுந்த தட்டுக்கு நீரே வேண்டாம். நிழலில் நிமிர்த்தி உலர்த்துங்கள். வெயில் பட்டால் அப்பளம்போல் வளையும்.

பின்னாளில் வந்த, நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான ஊசியை இதில் வைத்தால் பள்ளத்தின் அடிக்குப் போய்க் கரகரக்கும். ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள ஊசி தேவை. ஆசைக்காகப் பழைய கிராமபோன் பெட்டியில் போடுவதாயின், கணினியில் பதிவெடுத்த பிறகு போடுங்கள், ஊசி மாட்டும் அதன் ஒலிப்பெட்டியின் கனம் பள்ளத்தைத் தின்றுவிடும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும் என்பதால், நீண்ட பாட்டு இரு பக்கமாக வெட்டுப்பட்டிருக்கலாம். இரண்டையும் தனித்தனியே பதிந்து, நடுத்தாளின் எண்ணைக் கோப்பின் பெயரில் சேர்த்த பிறகு இணையுங்கள். தட்டுகளைத் தனித்தனி உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள், அடுக்கினால் அடியிலுள்ளது உடையும்.