பிக் பெர்த்தாவை இன்னும் பெரிதாக்க

எஸ்டெஸ் நிறுவனத்தின் பிக் பெர்த்தா என்ற மாதிரி ராக்கெட்டின் குழாய் விட்டம் 41.6 மி.மீ. எனக்குக் கிடைத்த அட்டைக் குழாய் 66 மி.மீ. வகுத்தால் 1.59, எல்லா அளவையும் இதால் பெருக்குங்கள். 61 செ.மீ. நீளம் 97 ஆகும். இறக்கைக்கான பால்சா என்ற இலேசான மரத்தின் தடிமனை மட்டும் அப்படியே பெருக்காதீர்கள், வால் கனத்துவிடும். மர ரேகை இறக்கையின் முன்விளிம்போடு ஓட வேண்டும். நான் முதலில் குறுக்கே வெட்டித் தொலைத்தேன். உப்புத்தாள் போடும்போதே அப்பளமாக உடைந்தது.

பாராசூட்டுக்குக் கீழே தீப்பற்றாத தாள். மோட்டாரும் வைத்த பிறகு, சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னே போனால் சரி. தடுமாறினால் மூக்குக்குள் களிமண் அடைத்து மறுபடி சுற்றுங்கள். அப்புறம் திடல். இ (E) என்ற ஆற்றல் வகை மோட்டாருக்கு 9 மீட்டர் தள்ளி நின்று பட்டனை அழுத்துங்கள்.