இயல்பொத்த முக்கோணியள்: எழுத்து ஒழுங்கு பிழைக்காம எழுதுறது எப்பிடி

கோணங்கள் சமன், பக்கங்கள் ஒரே விகிதம், அது எல்லாருக்கும் தெரியும்தானே, நேர விசயத்துக்கு வாறன். கிளிநொச்சியில என்னட்டப் படிக்க வாற பிள்ளையள் விகிதமெல்லாம் வடிவாச் செய்வினம், ஆனா கடைசி வரியில எந்த எழுத்துக்கு நேர எந்த எழுத்து எண்டதில கவிண்டிடுவினம்.

முதல்ல ரெண்டு முக்கோணியின்ர பக்கங்களையும் சின்னதில இருந்து பெருசா எழுதுங்கோ.

கசட: கச 4, சட 6, கட 8.
மரப: ரப 6, மப 9, மர 12.

4/6, 6/9, 8/12, மூண்டும் 2/3. அப்ப இயல்பொத்ததுதான். இப்ப உடன கசட ~ மரப (~ எண்டா இயல்பொத்தது) எண்டு எழுதிடாதேங்கோ! இங்கதான் ஆறுதலா நிக்கோணும். க எண்ட உச்சியில 4உம் 8உம் சந்திக்குது, மற்றதில அதுக்கு நேரான 6உம் 12உம் சந்திக்கிறது ர-வில, அப்ப க-வுக்கு ர. ச-வில 4உம் 6உம், அங்க 6உம் 9உம் சந்திக்கிறது ப. மிச்சம் ட-வுக்கு ம.

விடை: கசட ~ ரபம. சடக ~ பமர எண்டாலும் சரிதான், சோடி மாறாட்டிச் சரி.

சரி பாக்கிறதுக்குப் படத்தைப் பாக்காதேங்கோ, எழுதின வரியை மட்டும் பாருங்கோ. முதல் ரெண்டு எழுத்து கச, ரப: 4/6. கடைசி ரெண்டு சட, பம: 6/9. சரி வருது. மரப எண்டு எழுதியிருந்தா 4/12உம் 6/6உம் வந்திருக்கும், அப்பவே பிடிபட்டிடும்.

கணினியில கேத்திரகணிதப் படம் கீறுற ஜியோஜீப்ரா நல்லதுதான், ஆனா இதுக்கு எனக்கு மூண்டு கலர் பென்சில் காணும், சமனான கோணங்களுக்கு ஒரே கலர் அடிச்சா ஒழுங்கு தானா வரும்.

பிறகு சேர்த்தது: ஒண்டுக்குள்ள ஒண்டு இருக்கிற படத்தில என்ன செய்யிறதெண்டு கனபேர் கேட்டிருந்தீங்கள். ரெண்டையும் வெளியில எடுத்துத் தனித்தனியாக் கீறுங்கோ, பொது உச்சியை ரெண்டிலயும் முதல் எழுத்தா வையுங்கோ. நாற்கோணிக்கு கோணம் மட்டும் சமனெண்டாக் காணாது, சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் எல்லாம் 90 பாகைதானே, ஆனா இயல்பொத்ததில்லை.

பழகிறதுக்கு வளவுப் பனையை எடுங்கோ. 1 மீற்றர் தடியின்ர நிழல் 80 சதமமீற்றர், பனையின்ர நிழல் 12 மீற்றர் எண்டா பனை 15 மீற்றர். நுனி, அடி, நிழல் முனை எண்டு ரெண்டுக்கும் ஒரே ஒழுங்கில எழுத்து வையுங்கோ, ரெண்டு நிழலையும் ஒரே நேரத்தில அளவுங்கோ.