எடை குறைந்த சக்கரம்: பலனைக் கெடுக்கும் தவறுகள்

பைக்கில் எடை குறைந்த சக்கரம் மாட்டினால் வண்டி சீறிப் பாயும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. டாப் ஸ்பீடைத் தீர்மானிப்பது எஞ்சினும் காற்றுத் தடையும். அதில் வித்தியாசம் தெரியாது. பிக்கப்பிலும் கிடைப்பது கொஞ்சம்தான். ஓட்டுபவரோடு சேர்த்து 250 கிலோ வரும் வண்டியில், இரண்டு ரிம்மிலுமாக (டயர் உட்காரும் வெளி வளையம்) 3 கிலோ குறைத்தால், சுழலும் எடை என்பதால் சுமார் 4.5 கிலோ இறக்கியதற்குச் சமம். 2 சதவீதம்கூட இல்லை. பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது: வளைவில் வண்டி சட்டென்று சாயும், மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கும்.

எடையை எங்கே குறைக்கிறோம் என்பதும் முக்கியம். 17 அங்குலச் சக்கரத்தில் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) குறையும் 1 கிலோ ஏறக்குறைய 1 கிலோதான். ரிம்மில் குறைந்தால் அது ஒன்றரை கிலோவுக்குச் சமம். டயரின் வெளி விளிம்பில் கிட்டத்தட்ட இரண்டு. இதைக் கவனிக்காமல், புது ரிம்முக்கு அகலமான டயர் போட்டுவிடுகிறார்கள். அந்த டயர் 800 கிராம் கூடுதலாக இருந்தால், ரிம்மில் மிச்சப்படுத்திய 1 கிலோவின் பலன் அநேகமாகக் காலி. வாங்கும் முன் டயரையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

அதிகம் கெடுவது பொருத்தும்போதுதான். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஹப்பினுள் இருக்கும் ஸ்பேசர் குழாய் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும், ஆக்ஸிலை முறுக்கும்போது பேரிங் பக்கவாட்டில் நசுங்கும். மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கிய பின், செயினைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். முறுக்கும் முன் லேசாகச் சுற்றியது இப்போது இறுகினால் ஸ்பேசர் தவறு; அப்படியே ஓட்டினால் பேரிங் சூடேறிப் போய்விடும்.

அடுத்து செயின் நேர்கோடு. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) முகத்தில் நேரான கம்பியை வைத்து முன் ஸ்ப்ராக்கெட்டுடன் ஒப்பிடுங்கள். விலகல் இருந்தால் பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேயும். ரேஸுக்கென்று செய்த சில சக்கரங்களில், செயின் இழுக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் குஷ் ரப்பர் கிடையாது. தினசரி ஓட்டத்துக்கு அவை வேண்டாம். ஒவ்வொரு கியர் மாற்றத்தின் அதிர்ச்சியும் நேராகச் செயினுக்கும் கியர் பாக்ஸுக்கும் போகும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சென்சார் வளையத்தை மாற்றிப் பொருத்தும்போது, வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்தே ஆக வேண்டும்.

பழைய அலாய் சக்கரத்தில் துளை போட்டு எடை குறைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். விரிசல் அந்தத் துளையின் ஓரத்தில்தான் தொடங்கும். கார்பன் சக்கரமும் குழியில் பலமாக மோதினால் அலுமினியத்தைப் போல வளைந்து காட்டாது, உடையும்.

சஸ்பென்ஷனைப் பழைய அமைப்பிலேயே விடுவதும் நஷ்டம்தான். சரிசெய்யும் திருகு இப்போது இருக்கும் கிளிக் எண்ணிக்கையை முதலில் குறித்துக்கொண்டு, ரீபவுண்டை (அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) ஒரு கிளிக் தளர்த்தி, பழகிய மேடு பள்ளச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். டயர் குதிப்பது குறைந்தால் சரி. வண்டி மேலும் கீழும் ஆடினால் பழைய கிளிக்குக்கே திரும்புங்கள்.