போட்டோ எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள், அப்புறம் போனை மாற்றுங்கள்

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, புதுப் போனை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது ரொம்பக் கம்மி. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படமும் வீடியோவும் புதுசில் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கிறவரை பழைய போன் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும். இன்றைக்கே கொடுத்தால் இவ்வளவு கூடுதல் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். காட்டட்டும்.

குடியாத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மாடு விடும் விழா, வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று எடுப்பதுதான் தொழில். போன் மாற்றித் தருவது அதன் ஓரத்தில் தானாக வளர்ந்த வேலை. இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஐபோன் வாங்கி அனுப்பிவிட, ஆண்ட்ராய்டே பழகிய கையோடு வந்து நிற்கும் அப்பா அம்மா ஒரு வகை. ஐபோனில் இடம் நிரம்பிப் போய், ஆண்ட்ராய்டுக்குத் தாவும் காலேஜ் பிள்ளைகள் இன்னொரு வகை. இருவரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: "போட்டோ எல்லாம் எங்க இருக்கு?" பதிலும் ஒன்றுதான்: "எல்லாம் போன்லயேதாண்ணா கீது."

பாதி நேரம் அப்படி இருக்காது. திரையில் படம் தெரிவதும், அது போனுக்குள் முழுசாக இருப்பதும் வேறு வேறு. ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து, மேலே உங்கள் பெயரைத் தொட்டு, ஐகிளவுட், போட்டோஸ் என்று போங்கள். அங்கே 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' என்பதில் டிக் இருந்தால், உங்கள் அசல் படங்களில் பல ஆப்பிளின் சர்வரில் இருக்கலாம். போனில் நிற்பது சின்ன நகல். அந்த நிலையில் கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினால் அரைகுறையாகத்தான் வரும். 'டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றி, வைஃபையில் போட்டு, முழுசும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். போனில் அதற்கு இடம் இல்லையென்றால் கேபிள் வழியை மறந்துவிடுங்கள். கீழே வேறு வழி சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டிலும் இதே கதை உண்டு. கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பட்டனை எப்போதாவது அழுத்தியிருந்தால், அதுவரை பேக்கப் ஆனவை போனிலிருந்து போயிருக்கும். கூகுள் கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் போனிலிருந்து போனுக்கு மாற்றும் ஆப் எதுவும் அவற்றைக் கொண்டுவராது.

அடுத்தது வாட்ஸ்அப். எங்கள் பக்கத்தில் இதை நான் ரொம்பக் கவனமாகப் பார்ப்பேன், காரணம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி. அங்கே போய் வந்தவர்கள் வீட்டில் மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகத்தான் இருக்கும். அது கேமரா ஃபோல்டரில் இருக்காது. கூகுள் போட்டோஸ் பேக்கப்பிலும் தானாகச் சேராது; 'பேக் அப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டரைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். நேரில் பார்க்க வேண்டுமானால் ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று உள்ளே உள்ளே போங்கள். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களும் அங்கேதான் குவிந்திருக்கும். அவற்றை இப்போதே அழித்துவிட்டால் மாற்றும் நேரம் பாதியாகும். அழிக்கிற வேலையை மட்டும் நான் செய்து தருவதில்லை. எந்த ரோஜாப்பூ யார் அனுப்பியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மெமரி கார்டு இருந்தால் அதையும் பாருங்கள். கூகுள் போட்டோஸின் 'லாக்டு ஃபோல்டர்', சாம்சங்கின் 'செக்யூர் ஃபோல்டர்' மாதிரி பூட்டிய இடங்களில் ஏதாவது வைத்திருந்தால் முதலில் வெளியே எடுத்து வையுங்கள். இதை நான் சத்தமாகக் கேட்பதில்லை. "பூட்டி வெச்சது இருந்தா நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

இனி ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு. ஆப்பிளே கொடுக்கும் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் பிளே ஸ்டோரில் இலவசம். முக்கியமான நிபந்தனை, ஐபோனை முதன்முதலாக ஆன் செய்து அமைக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஆசையில் எல்லாம் செட் பண்ணிவிட்டு வந்தால், மறுபடி ஐபோனை முழுசாக அழித்து முதலிலிருந்து தொடங்க நேரும். அமைக்கும்போது டேட்டாவை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கும் பக்கத்தில் 'ஃப்ரம் ஆண்ட்ராய்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் ஒரு எண்ணைக் காட்டும். அதை ஆண்ட்ராய்டில் அடியுங்கள். இரண்டு போனும் தங்களுக்குள் தற்காலிகமாக ஒரு வைஃபை போட்டுக்கொண்டு பேச ஆரம்பிக்கும். எதை மாற்றலாம் என்று பட்டியல் வரும்போது வாட்ஸ்அப்பையும் சேர்த்துவிடுங்கள். 2022-லிருந்து இந்த வசதி இருக்கிறது. ஐபோனிலும் அதே நம்பரில் வாட்ஸ்அப் திறக்க வேண்டும்.

இங்கே கெட்டுப்போகும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. நடுவில் ஆண்ட்ராய்டில் வேறு ஆப்பைத் திறந்தாலோ, ஒரு கால் வந்தாலோ மாற்றம் அறுந்துவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். இரண்டையும் சார்ஜரில் போட்டே செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 'முடிந்தது' என்று சொன்னாலும் நம்பாதீர்கள். ஐபோனில் ஓடும் கோடு கடைசிவரை போகட்டும். அப்புறம் சூடு. சித்திரை வைகாசியில் நம்ம ஊர் வெயிலில், சார்ஜும் ஏறி வைஃபையும் ஓடினால் போன் கொதிக்கும், வேகம் குறையும். பௌச்சைக் கழற்றி, ஃபேனுக்குக் கீழே தரையில் வையுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

ஐபோன் ஏற்கெனவே அமைத்தாகிவிட்டது, அழிக்க மனமில்லை என்றால் பதற வேண்டாம். கூகுள் போட்டோஸில் எல்லாம் பேக்கப் ஆகியிருந்தால் ஐபோனில் அதே ஆப்பைப் போட்டு, அதே கணக்கில் நுழைந்தாலே படங்கள் தெரியும். ஆப்பிளின் போட்டோஸ் ஆப்பில் வேண்டுமென்றால், கூகுள் டேக்அவுட் (உங்கள் கூகுள் கணக்கில் இருப்பதை வெளியே எடுத்துத் தரும் கூகுளின் சேவை) வழியாக நேரே ஐகிளவுட் போட்டோஸுக்கே நகலெடுக்க 2024-லிருந்து வழி இருக்கிறது. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்: கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து. ஆப்பிள் தருவது 5 ஜிபி. ஐபோனில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி தின்னும். ஒரு மாடு விடும் விழாவை அரை மணி நேரம் எடுத்தால் அந்த 5 ஜிபி காலி. கொஞ்சம் படங்கள்தான் என்றால் 'லோக்கல்சென்ட்' என்ற இலவச ஆப்பை இரண்டிலும் போட்டு, ஒரே வைஃபையில் அனுப்பிக்கொள்ளலாம். நெட் செலவே ஆகாது.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருவதில் கேபிள்தான் எனக்குப் பிடித்தது. புது ஆண்ட்ராய்டை அமைக்கும்போதே 'காப்பி டேட்டா' என்று கேட்கும். இரண்டையும் கேபிளால் இணைத்து, ஐபோனில் 'டிரஸ்ட்' கொடுத்தால் ஓடும். சாம்சங்காக இருந்தால் அவர்களின் மாற்றும் ஆப்பான ஸ்மார்ட் ஸ்விட்ச் இருக்கிறது. நடுவில் வாட்ஸ்அப்புக்கு ஒரு க்யூஆர் கோடு காட்டும், அதை ஐபோன் கேமராவில் பிடியுங்கள். ஒரு எச்சரிக்கை: பஜாரில் கிடைக்கும் மலிவுக் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா கடத்தாது. போன் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்கிறதென்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

அசல்கள் ஐகிளவுடில் இருக்கின்றன, போனில் இறக்க இடமில்லை என்றவர்களுக்குத்தான் இந்த வழி. பிரைவசி.ஆப்பிள்.காம் என்ற ஆப்பிளின் சொந்தத் தளத்தில் போய், ஐகிளவுட் போட்டோஸிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு நகல் கேட்கலாம். மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும் என்று ஆப்பிளே சொல்கிறது. ஐகிளவுடில் இருப்பது அழியாது. கூகுள் பக்கம் அவ்வளவுக்கும் இடம் இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். லைவ் போட்டோக்கள் (ஓரிரு நொடி அசைவோடு பதிவாகும் ஐபோன் படங்கள்) இதில் ஒழுங்காக வராமல் போகலாம். குழந்தை சிரிப்பதை லைவில் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்றால், அதை ஐபோனிலேயே 'சேவ் ஆஸ் வீடியோ' கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நடுவில் எர்ரர் வந்து நின்றுவிடுகிறது என்று நிறைய பேர் சொல்வார்கள். ஐபோன் ஒவ்வொரு படத்தையும் அதன் சொந்த ஃபார்மேட்டான ஹெச்இஐசியிலிருந்து எங்கும் திறக்கும் ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பப் பார்ப்பதால் வரும் தொல்லை அது. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் கடைசியில், கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பற்றிய இடத்தில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வையுங்கள், ஓடிவிடும். ஹெச்இஐசி படங்கள் இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் திறக்கும். விண்டோஸில் திறக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹெச்இஐஎஃப் எக்ஸ்டென்ஷன் போட வேண்டும்.

கல்யாண வீடியோ மாதிரி பெரிய ஃபைல்களை பென் டிரைவில் போடுகிறவர்கள் அதன் ஃபார்மேட்டைப் பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறவே ஏறாது. எக்ஸ்ஃபேட் என்று மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும் என்பதையும் நினைவில் வைத்து. ஐபோன் 15-லிருந்து டைப்-சி பென் டிரைவை நேராகவே செருகலாம், ஃபைல்ஸ் ஆப்பில் தெரியும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பழைய போனிலிருந்து புதுசுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிக்கொள்வது. படம் சுருங்கும், எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படம் இந்த மாதத்து ஆப்பர் நோட்டீஸுக்கு நடுவில் போய் உட்காரும். வேறு வழியே இல்லையென்றால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அசல் அப்படியே போகும்.

எல்லாம் வந்ததா என்று பார்ப்பது சின்ன வேலைதான். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனால் எத்தனை போட்டோ, எத்தனை வீடியோ என்று எண் காட்டும். அதைக் குறித்துக்கொண்டு மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். அச்சு அசலாக ஒத்துப்போகாது, ஆனால் ஆயிரக்கணக்கில் குறைந்தால் ஏதோ ஒரு ஃபோல்டர் விட்டுப்போயிருக்கிறது. ரொம்பப் பழைய வீடியோ ஒன்று, ரொம்ப நீளமான வீடியோ ஒன்று, நேற்று எடுத்தது ஒன்று, மூன்றையும் ஓடவிட்டுச் சத்தத்தோடு பாருங்கள். நெட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நிச்சயம். ஐகிளவுட், கூகுள் மாதிரி சர்வரில் மட்டும் இருப்பவை அப்போது முழுசாகத் திறக்காது.

என்னைக் கேட்டால் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதிலும் ஒரு நகல் போட்டு வைப்பேன். பழைய போனைக் குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள். பிறகு விற்பது ஐபோன் என்றால் ஐ-மெசேஜை அணைத்துவிட்டு, தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்துவிட்டு, ஐகிளவுடிலிருந்து சைன் அவுட் ஆகி, அப்புறம் அழியுங்கள். சைன் அவுட் ஆகாமலேயே கேலரியில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக அழித்தால் ஐகிளவுடிலும் சேர்ந்தே அழியும். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் கொடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவரால் போனைத் திறக்க முடியாது, பாஸ்வேர்டு கேட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்.