ஓரத்தை வெட்டாதீர்கள்: பழைய வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, 19ஆம் நூற்றாண்டு சர்வே தாள் ஒன்றின் ஸ்கேனை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திக்கொண்டிருந்தேன். தாளில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே கொடுத்தேன். படம் வந்து உட்கார்ந்தபோது மயிலாப்பூர் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வங்கக் கடலுக்குள் கிடந்தது. கபாலீசுவரர் கோயில் ஒரு காலத்தில் கடற்கரையில் இருந்தது என்று கேள்விப்பட்ட எவரும் அந்தத் திரையைப் பார்த்திருந்தால் அதையே சான்றாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விடை தாளின் அடி ஓரத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற பொடி எழுத்தில் இருந்தது: தீர்க்கரேகைகள் எல்லாம் சென்னை வானாய்வகத்தை 80° 17′ 21″ என்று கொண்டு கணக்கிட்டவை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிமுடித்த அந்த வானாய்வகம்தான் இந்திய சர்வேயின் தீர்க்கரேகைக்கு ஆதாரப் புள்ளி. தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டு அளக்கும் வசதி வந்த பிறகு, அந்த எண் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கூடுதல் என்று தெரிந்தது. சென்னை இருக்கும் அட்சரேகையில் இரண்டரை நிமிடம் என்பது நாலரை கிலோமீட்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தாள்களில் இதைத் திருத்தினார்கள். அதற்கு முந்தைய தாளின் எண்களை நம்பினால் ஊரே கிழக்கே நகர்ந்துவிடும்.

அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். ஸ்கேன் செய்த படத்தை இறக்கியதும் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டி எறிவது நம்மில் பலருக்கும் பழக்கம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய சென்னைப் படங்களில் பாதிக்கு மேல் ஓரம் இல்லாதவைதான். எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு அச்சிட்டது, குறிகளுக்கு என்ன பொருள், உயரம் அடியிலா மீட்டரிலா என்பதெல்லாம் இருப்பது அந்த ஓரத்தில். அது போய்விட்டால் மிஞ்சுவது சுவரில் மாட்டத்தக்க ஓவியம் மட்டும்.

ஆண்டைப் பற்றிய குழப்பம் தனியாகப் பேச வேண்டிய அளவு பெரியது. பெல்லன் என்ற பிரெஞ்சு வரைபடக்காரர் 1764இல் வெளியிட்ட கடல் அட்லஸில் சென்னையின் அழகான படம் ஒன்று உண்டு. இணையத்தில் அதை ‘1764ஆம் ஆண்டுச் சென்னை’ என்றே போடுகிறார்கள். ஆனால் அது காட்டுவது 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது இருந்த ஊரை. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டிப் படத்தில் நெருக்கமாகத் தெரியும் கறுப்பர் நகரம் (இந்தியர்கள் குடியிருந்த பகுதி), படம் வெளியான ஆண்டுக்குள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. பீரங்கி சுடுவதற்குத் திறந்த வெளி வேண்டும் என்று இடித்தார்கள். இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். வெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களில் ஒன்று இன்னமும் பாரிமுனையில், டேர் ஹவுஸை ஒட்டி நிற்கிறது.

அதே படத்திலிருந்து இன்னொரு தவறும் கிளம்புகிறது. இடிபட்ட ஊரின் பெயர் வடக்கே வளர்ந்த புது ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. 1906இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறும் வரை அதுவும் கறுப்பர் நகரம்தான். ஆக, ஒரே பெயர் வெவ்வேறு காலத்துப் படங்களில் வெவ்வேறு இடத்தைச் சுட்டும். பெயரை வைத்துத் தேடாமல் கோட்டைச் சுவரிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் என்று பாருங்கள். திசையிலும் கவனம் வேண்டும். கப்பலில் வருபவன் கண்ணால் பார்ப்பதுபோல், கடலைக் கீழேயும் மேற்கை மேலேயும் வைத்து வரைந்த பழைய சென்னைப் படங்கள் பல உண்டு.

அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட, இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள இந்தியத் தாள்களும் ஆண்டு விஷயத்தில் பெல்லன் படம்போலத்தான். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அவற்றை இலவசமாகப் போட்டிருப்பதால் பலருக்கும் முதலில் கிடைப்பவை அவை. மூலையில் 1955 என்று இருக்கலாம். உள்ளே இருப்பது அதற்கு முந்தைய இந்திய சர்வே தாள்களிலிருந்து தொகுத்த விவரம். ‘1955இல் இந்த ஊருக்கு ரோடு இல்லை’ என்று எழுதுவதற்கு முன், மூலத் தாள் எப்போது அளக்கப்பட்டது என்று பாருங்கள்.

இனி, பொருத்தும் வேலை. கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் பழைய படத்தின் ஒரு புள்ளியையும் இன்றைய படத்தின் அதே புள்ளியையும் காட்டிக் கோத்துக்கொண்டே போவோம். புதிதாக வருபவர்கள் முதலில் கை வைப்பது கடற்கரையில், ஏனென்றால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கோடு அதுதான். சென்னைக்கு அதைவிடப் பெரிய பொறி வேறில்லை. 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக நகரும் மணல் அங்கே தடுத்து நிறுத்தப்பட்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. 1842இல் பனிக்கட்டி இறக்கிவைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு அருகில் அன்று அலை வந்துபோனது. இன்று அதன் வாசலில் நின்றால் சாலையைத் தாண்டி மணலில் வெகுதூரம் நடக்க வேண்டும். இரண்டு கரைகளையும் ஒன்றென்று கோத்தால், மென்பொருள் ஊரை இழுத்து நீட்டி அதைச் சரிக்கட்டிவிடும். கூவம், அடையாறு முகத்துவாரங்களும் மணல் திட்டு நகர நகர இடம் மாறுபவை.

கலங்கரை விளக்கமும் அப்படியே. முதலில் கோட்டைக்குள், 1844 முதல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்துத் தூணில், 1894 முதல் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சியில், 1977 முதல் மெரினாவில் என்று நான்கு இடம் கண்டது அது. புள்ளி வேண்டுமென்றால் நகராதவற்றைப் பிடியுங்கள்: கோட்டைக்குள் 1680இல் திறந்த புனித மேரி தேவாலயம், கபாலீசுவரர் கோயில் குளத்தின் நான்கு மூலை, பரங்கிமலை உச்சி. தாள் முழுக்கப் பரவலாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளி போதும். ஒரே மூலையில் முப்பது புள்ளி குத்துவதில் பயனில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் ஊர் முழுக்க ஒரே திசையில் ஒரே அளவு விலகி நின்றால், அது உங்கள் கை பிசகியதால் வந்ததல்ல. பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை, நம் கைபேசி ஜிபிஎஸ் வேறு கணக்கில் ஓடுகிறது. சென்னைப் பக்கம் இந்த வேறுபாடு ஏறத்தாழ 200 மீட்டர். மென்பொருளின் பட்டியலில் காலியன்பூர் என்ற பெயரில் இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பொருத்தினால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

காகிதத்தையும் மறக்கக் கூடாது. அன்றைய தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, மடிக்க வசதியாக இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டி வைத்திருப்பார்கள். ஸ்கேனில் அந்தத் துணி இடைவெளியும் நிலம்போல் சேர்ந்துவிடும். நான்கு துண்டு தாண்டினால் நான்கு இடைவெளியின் பிழை சேரும். துண்டுகளைத் தனித்தனியே பொருத்துவது அலுப்பான வேலைதான், வேறு வழி கிடையாது. பின்னாளைய சர்வே எண்முறையில் சென்னை 66 சி/4, 66 சி/8, 66 டி/1, 66 டி/5 என்ற நான்கு தாள்கள் கூடும் மூலையில் விழுகிறது. பக்கத்துத் தாள்கள் ஒரே ஆண்டில் திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஒட்டிய இடத்தில் சாலை சட்டென்று நின்றால், அங்கே சாலை முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஏரி விவகாரம். மாம்பலத்துக்கும் அண்ணா சாலைக்கும் நடுவே நீண்டு கிடந்த பெரிய ஏரியைப் பழைய நகரப் படங்களில் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 1920களில் அதன் மேல் எழுந்ததுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் பெயரில் மட்டும் நீரை வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களைக் காக்கப் போராடுபவர்கள் ஒரு அங்குலத் தாளைப் பெரிதாக்கி, ‘எல்லை இதோ இந்தச் சுவர் வரை’ என்று காட்டுகிறார்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற தாளில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 30 மீட்டருக்கு மேல். திரையில் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அந்தக் கோடு மெலிவதில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும், உண்மையான கோரிக்கையும் சேர்ந்து அடிபட்டுப்போகும். ஏரி இருந்தது என்பதற்கு இந்த சர்வே தாள் நல்ல சாட்சி. எதுவரை இருந்தது என்பதற்கு வருவாய்த்துறையின் கிராம வரைபடம், சர்வே எண்ணுக்குரிய புலப்படம், ஒவ்வொரு சர்வே எண்ணின் நில விவரத்தையும் பதிந்துவைக்கும் அ-பதிவேடு ஆகியவற்றைத்தான் எடுக்க வேண்டும். தாளில் நீல நிறம் இல்லாததால் ஏரி இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம். நீர் நிற்கும் ஏரிக்கு ஒரு குறி, கோடையில் வற்றும் ஏரிக்கு வேறு குறி. நம் ஊர் ஏரிகளில் பல இரண்டாவது வகை.

வெற்றிடமும் இதேபோல் ஏமாற்றும். பழைய சென்னை நகரப் படங்களில் வெள்ளைக்காரர்களின் தோட்ட பங்களாக்கள் வீட்டுக்காரர் பெயரோடு தனித்தனியாக இருக்கும். பக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த குப்பமும் சேரியும் வெறும் சாய்கோட்டு நிழலாக இருக்கும், சில படங்களில் அதுவும் இருக்காது. அந்த இடங்களில் யாரும் குடியிருக்கவில்லை என்று எழுதுவதற்கு முன், அதே ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கையும் கோயில், தேவாலயப் பதிவுகளையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.