மூத்த பத்திரிகையாளரின் பணி வாழ்வைப் பதிவு செய்வது எப்படி?

சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டிலேயே சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழை நடத்தினார், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வெளிவருகிறது. இந்த நெடிய வரலாற்றில் ஆசிரியர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆனால், ‘நமது நிருபர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போய்ப் பல்லாண்டுகள் எழுதியவர்கள் யார் யார் என்பதைத் தாள் சொல்லாது. அவர்களே சொன்னால்தான் உண்டு. அவர்களுடைய பணி வாழ்வைப் பதிவு செய்ய விரும்புவோர், அவர்களின் வீட்டுக்குச் செல்லுமுன் நூலகத்துக்குச் செல்ல வேண்டும்.

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்களை (மைக்ரோஃபிலிம்) பார்க்கலாம். இணையத்திலும் பழைய இதழ்கள் பல கிடைக்கின்றன. நீங்கள் சந்திக்கவிருக்கும் பத்திரிகையாளர் பணியில் இருந்த காலத்திலிருந்து நான்கைந்து நாள்களைத் தேர்ந்தெடுங்கள். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதிக்கு மறுநாள், 1986 மார்ச்சில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து விழுந்த வாரம் போன்றவற்றோடு, எதுவும் நடவாத ஒரு சாதாரண நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கங்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நான் முதன்முதலாக ஒரு பெரியவரைச் சந்தித்தபோது வினாப்பட்டியலை மட்டுமே கொண்டு சென்றேன். “ஐயா, உங்களால் மறக்க முடியாத அனுபவம் எது?” என்று கேட்டதற்கு, பாராட்டு விழா மேடைகளில் அவர் பலமுறை சொல்லியிருக்கக்கூடிய பதிலே கிடைத்தது. அடுத்த முறை ஒரு பழைய பக்கத்தை மேசைமீது விரித்து வைத்தேன். விரலை அதன்மேல் ஓட்டியவர், ஒரு சிறு செய்தியில் நிறுத்தி, “இது நான் எழுதியது” என்றார். அதன்பின் இரண்டு மணி நேரம் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கருத்துகளைவிட வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்த காலத்தில், அச்சுக்கோப்பவருக்குப் புரியும்படி அவர் எப்படி எழுதினார்? மெய்ப்புப் பார்த்தவர் யார்? பிழையோடு அச்சேறிவிட்டால் மறுநாள் அலுவலகத்தில் என்ன நடந்தது? தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘ணை’ எழுத்துகள் இங்குள்ள பத்திரிகையிலிருந்து விடைபெற்றதை அவர் எவ்வாறு நினைவுகூர்கிறார்?

எல்லாவற்றையும்விட மொழிபெயர்ப்பைப் பற்றிய கேள்விகளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அரசாங்க அறிவிப்பும் வெளிநாட்டுச் செய்தியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்து சேர, மறுநாள் காலைக்குள் அவற்றைத் தமிழாக்கும் பொறுப்பு செய்தியறையில் இருந்தவர்களுடையது. ‘மத்திய சேம நிதி’, ‘பெருவிரைவு ரயில்’, ‘விரைவுச்சாலை’ என்று நாம் இன்று இயல்பாகப் புழங்கும் சொற்களில் எதை அவர்கள் அப்படியே ஏற்றார்கள், எதைப் பற்றி விவாதித்தார்கள், கைவிடப்பட்ட மாற்றுச் சொற்கள் எவை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிங்கப்பூர்த் தமிழின் சொல் வரலாற்றில் ஒரு பகுதி இவர்களுடைய நினைவில் மட்டுமே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒலிப்பதிவுக்கு முன்கூட்டியே இசைவு பெறுங்கள். “இதை எழுத வேண்டாம்” என்று அவர் சொன்னால், உடனே பதிவை நிறுத்துங்கள். செய்தி தந்தவரைக் காப்பது அவருடைய தொழில் அறம். பழைய நறுக்குகளையும் செய்தியாளர் அட்டையையும் வாங்கிச் செல்லாமல், அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் பேச வைப்பதை, அவரே விரும்பினாலன்றித் தவிர்ப்பது நல்லது.

எழுத்தாக்கிய பின் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நினைவும் அச்சிட்ட தேதியும் முரண்பட்டால், அவர் சொன்னதை மாற்றாமல், சரியான தேதியை அடிக்குறிப்பில் தாருங்கள். விடைபெறுமுன், நீங்கள் கொண்டுசென்ற பக்கங்களில் தாம் எழுதிய செய்திகளைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லி, அருகில் அவருடைய கையொப்பத்தையும் அன்றைய தேதியையும் பெற்றுக்கொள்ளுங்கள்.