பழைய மேட்ச்பாக்ஸ் கார்களை விற்கும் முன்

வீட்டில் பழைய மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார்கள் சேர்ந்திருந்தால், வியாபாரியை அழைக்கும் முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1982க்கு முந்தையது. 1969இல் வேகமாக உருளும் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ சக்கரங்கள் வருவதற்கு முன் தயாரானவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அட்டைப் பெட்டி கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்; பெட்டியோடு இருக்கும் காருக்கு மதிப்பே வேறு. தயவுசெய்து புதிதாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள்! உரிந்துபோன பழைய பெயிண்ட்டைவிட அதுதான் விலையைக் கெடுக்கும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

விலை அறிய ஈபே இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். விற்காதவற்றுக்கு எவரும் எந்த விலையும் போடலாம். அங்கே விற்ற விலையைவிட வியாபாரி குறைத்தே தருவார். அவருடைய லாபமும், விற்கும்வரை முடங்கும் பணமும் அதில் அடங்கும். அது நியாயம்தான். ஆனால் ‘மொத்தத்துக்கும் ஒரே விலை’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அரிய கார்களுக்குத் தனி விலை பேசி, மீதியை மொத்தமாகக் கொடுங்கள். பணம் கைக்கு வரும்வரை எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம்.